வலப்பக்க இருக்கை

பீளமேட்டு விமான நிலையத்தில் ஏறி இறங்கும் விமானங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் பகுதியில் ஏராளம். ஒரு காலத்தில் பின்னலாடை ஏற்றுமதியாளரும் ஆலை முதலாளியும் மட்டுமே ஏறிச் சென்ற விமானத்தில் இன்று பனியன் கம்பெனித் தொழிலாளியின் மகன் வளைகுடா நாட்டுக்கு வேலை தேடிப் போகிறான். அவன் தம்பியோ, தங்கையோ, பயணியாக அன்று, விமானியாகவே ஏற வேண்டுமென்று கனவு காண்கின்றனர். அத்தகைய பெற்றோர் சிலர் அவ்வப்போது பங்கு இல்லத்துக்கு வந்து ஆலோசனை கேட்பதுண்டு. எவ்வளவு செலவாகும், வங்கியில் கடன் கிடைக்குமா, முடித்தவுடன் வேலை உண்டா என்ற மூன்று கேள்விகளே அவர்கள் நாவில் நிற்கும். நியாயமான கேள்விகள்தாம். அவற்றுக்கும் பின்னர் வருவேன். ஆனால் எவருமே கேட்காத நான்காவது கேள்வி ஒன்றுண்டு. அந்தச் சிறிய அறைக்குள் அருகருகே அமரும் இருவர் எப்படிப் பழகிக்கொள்கிறார்கள்? நம் வீட்டில் வளர்ந்த பிள்ளை அந்தப் பழக்கத்துக்குத் தகுதியாக வளர்ந்திருக்கிறானா?

விமானத்தின் முகப்பில் இரண்டு இருக்கைகள் உள்ளன. இடப்பக்கம் அமர்பவர் கேப்டன். தோளில் நான்கு கோடு. வலப்பக்கம் அமர்பவர் துணை விமானி, மூன்று கோடு. துணை விமானி என்றதும் பேருந்து நடத்துநரைப் போன்றவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவரும் முழு உரிமம் பெற்ற விமானிதான். ஒரு பயணத்தில் கேப்டன் ஓட்டினால், மறு பயணத்தில் துணை விமானி ஓட்டுவது வழக்கம். ஓட்டாதவர் சும்மா இருப்பதில்லை. வேகம், உயரம், எரிபொருள், வானிலை ஆகியவற்றைக் கண்காணித்து, பிசகு தெரிந்த கணமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவே அவர் வேலை. இறுதிப் பொறுப்பு மட்டும், யார் ஓட்டினாலும், கேப்டனுடையது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஓவர்லாக் பொறியின் முன் டெய்லர் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் துணியை எடுத்துக் கொடுத்தும் மடித்தும் நிற்கிறாள் கைமடிச் சிறுமி. தையல் விட்டுப்போனதை முதலில் காண்பது பெரும்பாலும் கைமடியின் கண்தான். அவள் சொன்னால் ஒரு பீஸ் பழுது. அஞ்சி வாய் மூடி நின்றால் கட்டு முழுவதும் பழுது. ஆனால் இவ்வுவமை பாதி வழிதான் வரும். பழுதான பனியனைப் பிரித்துத் தைக்கலாம்.

2010 மே 22 விடியற்காலை. துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், குன்றின் உச்சியைச் சமன் செய்து அமைத்த பஜ்பே ஓடுபாதையில் இறங்க முனைந்தது. விமானத்தில் 166 பேர். பெரும்பாலோர் வளைகுடாவில் உழைத்து விடுமுறைக்கு வீடு திரும்பியவர்கள். கேப்டன் பத்தாயிரம் மணிக்கு மேல் பறந்த வெளிநாட்டவர். துணை விமானி இந்தியர். மூவாயிரத்து அறுநூறு மணிக்கு மேற்பட்ட அனுபவம் உள்ளவர். விபத்துக்குப்பின் மீட்கப்பட்ட குரல் பதிவுப் பெட்டியில், முதல் ஒரு மணி நாற்பது நிமிடங்களுக்கு அவ்விருவரும் பேசிக்கொண்ட பேச்சே இல்லை. கேப்டன் உறங்கிக்கொண்டிருந்தார். அவர் விழித்தபின் விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்கு வெகு மேலே இருந்தது. செங்குத்தாய்ச் சரிந்து, அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடுபாதையை நெருங்கியது.

அவ்வேளையில் துணை விமானி இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலே ஏறும்படி, அதாவது 'கோ அரவுண்ட்' என்று, ஒருமுறையல்ல, மும்முறை கூறினார். எச்சரிக்கைக் கருவியும் ஓயாமல் கூவியது. கேப்டன் கேட்கவில்லை. 8,000 அடி நீள ஓடுபாதையில் ஏறத்தாழ 5,200 அடி கடந்த பின்னரே சக்கரங்கள் தரையைத் தொட்டன. பிரேக் போட்ட பின்பு மனம் மாறி மீண்டும் ஏற முயன்றார், முடியவில்லை. விமானம் பள்ளத்தாக்கில் விழுந்து எரிந்தது. 158 பேர் மாண்டனர். எண்மர் மட்டும் பிழைத்தனர். நிலைகொள்ளாத இறக்கத்தைக் கேப்டன் கைவிடாததே விபத்துக்கு நேர்க்காரணம் என்று ஏர் மார்ஷல் கோகலே தலைமையிலான விசாரணை மன்றம் கண்டது.

ஆக, துணை விமானிக்கு ஆபத்து தெரிந்திருந்தது, சொல்லவும் சொன்னார். அதற்கு மேல் அவர் என்ன செய்திருக்க வேண்டும்? கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்திருக்க வேண்டும் என்கிறது விதி. ஆனால் தம்மைவிட மூத்தவர், நான்கு கோடு தரித்தவர், நாளைக்குத் தம்மைப் பற்றி மேலிடத்தில் ஒரு சொல் சொல்லக்கூடியவர், அவர் கையிலிருந்து சுக்கானைப் பறிப்பது என்பது விதிப்புத்தகத்தில் இருப்பதுபோல் அவ்வளவு எளிதா? நாற்காலியில் அமர்ந்து இக்கட்டுரையை வாசிக்கும் நாம் அந்த இளைஞருக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு எஞ்சியிருந்தவை சில நொடிகள்.

மங்களூர் மறந்துபோன நிலையில் கோழிக்கோடு வந்தது. 2020 ஆகஸ்ட் 7. கொரோனாக் காலத்தில் அயல்நாட்டில் சிக்கியிருந்தோரை அழைத்துவந்த விமானம், அதே நிறுவனம், அதே துபாய், அதேபோன்ற குன்றின்மேல் அமைந்த கரிப்பூர் ஓடுபாதை. கொட்டும் மழை. முதல் முயற்சியைக் கைவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து, வால்பக்கமாய் வீசும் காற்றோடு இறங்கினார் கேப்டன். 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டியே விமானம் தரையைத் தொட்டது. துணை விமானி 'கோ அரவுண்ட்' என்று அழைத்தார். விமானம் நிற்காமல் விளிம்பைக் கடந்து பள்ளத்தில் விழுந்து பிளந்தது. விமானிகள் இருவர் உள்ளிட்ட 21 பேர் உயிரிழந்தனர். நோய்த்தொற்று அச்சத்தையும் பாராது கொண்டோட்டிப் பகுதி மக்கள் மழையில் ஓடிவந்து காயமுற்றோரை அள்ளிச் சென்றதை நாளிதழ்களில் வாசித்திருப்பீர்கள்.

2021-இல் வெளியான விசாரணை அறிக்கையில் இரண்டு செய்திகள் என் மனத்தைத் தைத்தன. ஒன்று, மறுநாள் காலைப் பயணத்துக்குப் போதிய கேப்டன்கள் அங்கு இல்லை. ஆகவே எப்படியும் கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதல் அவர் முடிவைத் திசைமாற்றியது என்பது. ஷிப்மெண்ட் தேதி நெருங்கும்போது நம் கம்பெனிகளில் நடப்பது என்ன என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. மற்றொன்று, இரு இருக்கைகளுக்கும் இடையே நிலவிய செங்குத்தான அதிகாரச் சரிவு. இரண்டு இருக்கைகளும் ஒரே மட்டத்தில்தான் பொருத்தப்பட்டுள்ளன. ஆனால் அவற்றினிடையே கண்ணுக்குத் தெரியாத மலைச்சரிவு ஒன்று உண்டு. கீழிருப்பவன் குரல் மேலே ஏறுவதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனரீஃப் தீவில், மூடுபனிக்கிடையே இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தனர். பறக்கத் தொடங்கிய டச்சு விமானத்தின் கேப்டன் அந்நிறுவனத்தின் விமானிகளுக்கே பயிற்சி அளித்தவர். அவர் படம் விளம்பரங்களில் வந்தது. மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று பின்னால் அமர்ந்திருந்த விமானப் பொறியாளர் ஐயம் எழுப்பினார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துக் கூறினார். பொறியாளர் அடங்கிப்போனார். அடுத்த ஆண்டே, அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்கருகே, சக்கரக் கோளாறு ஒன்றில் கேப்டன் மூழ்கியிருக்க, எரிபொருள் தீர்ந்துவருவதை மற்றவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்ல, விமானம் எரிபொருளின்றி வீழ்ந்தது. பத்துப் பேர் மாண்டனர்.

இவற்றின் பின்னரே வல்லுநர்கள் விழித்துக்கொண்டனர். 1979-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இதற்கெனக் கருத்தரங்கம் ஒன்றைக் கூட்டியது. 1981-இல் யுனைட்டெட் விமான நிறுவனம் தன் விமானிகளுக்கு முதன்முதலாக ஒரு புதுவகைப் பயிற்சியைத் தொடங்கியது. சி.ஆர்.எம். என்று விமானிகள் குறிப்பிடும் அப்பயிற்சி விமானத்தை ஓட்டக் கற்பிப்பதன்று. கேப்டனுக்குக் கேட்கக் கற்பிப்பது, துணை விமானிக்குச் சொல்லக் கற்பிப்பது. இன்று இந்தியாவிலும் அது கட்டாயம். 1989-இல் அதே நிறுவனத்தின் விமானம் ஒன்று நடுவானில் எல்லாக் கட்டுப்பாட்டு இயக்கங்களையும் இழந்தபோது, கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் தம் உதவியாளர்களையும், பயணியாய் வந்த மற்றொரு விமானியையும் கூட்டிவைத்து, அவரவர் கருத்தைக் கேட்டுக் கேட்டு விமானத்தைச் சூ நகரில் இறக்கினார். 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். தனியொருவராக என்னால் ஏதும் செய்திருக்க இயலாது என்ற பொருள்பட அவர் பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அப்பாவை எதிர்த்துப் பேசுகிறாயா என்று சொல்லியே நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். மரியாதை நல்லதுதான், நான் அதற்கு விரோதியல்லன். ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களித்த ஒருவர் எதிர்த்துப் பேசுவதைப் பற்றி எழுதுகிறாரே என்று சில வாசகர்கள் புன்னகை செய்யலாம். செய்யட்டும். கீழ்ப்படிதல் என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று என்றுதான் குருமடத்தில் எங்களுக்கும் கற்பித்தார்கள். ஆனால் பதினேழு ஆண்டுகள் வாய் திறவாமல் வளர்த்த பிள்ளையை, பதினெட்டாம் வயதில் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி, இனிமேல் மூத்தவரின் பிழையை முகத்துக்கு நேரே சொல் என்றால், அவனுக்கு எங்கிருந்து வரும் அந்தத் துணிவு?

சொல்லும் முறைக்கும் படிகள் உண்டு. முதலில் கண்டதைக் கூற வேண்டும்: 'வேகம் அதிகம்' என்பதுபோல. பலனில்லையேல் பெயர் சொல்லியோ பதவி சொல்லியோ அழைத்து, கவலையையும் மாற்று வழியையும் கூற வேண்டும். அதற்கும் பதிலில்லையேல், 'என் கட்டுப்பாடு' என்று உரக்க அறிவித்துத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கென வரையறுத்த சொற்கள் உள்ளன. வரையறுத்த சொற்களில் ஒரு நன்மை என்னவெனில், அவற்றைச் சொல்லும்போது இளையவர் மூத்தவரை அவமதிப்பதாகாது; நடைமுறையே அவர் வாயால் பேசுகிறது. நம் 'அண்ணா', 'சார்' என்ற விளிகளுக்குள் இத்தகைய வசதி இல்லை.

கேப்டன் கொடியவர், துணை விமானி அப்பாவி என்று இதனை ஒருபக்கக் கதையாக்கிவிடவும் கூடாது. நம் கோவை, சேலம் நிலையங்களுக்கு வந்துபோகும் ஏ.டி.ஆர். 72 வகைச் சிறு விமானம் ஒன்று 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்கராவில் வீழ்ந்து 72 பேரும் இறந்தனர். ஓட்டியவர் அஞ்சு கதிவாடா என்ற பெண் கேப்டன். அவர் கணவரும் விமானிதான். 2006-இல் அதே நிறுவனத்தின் விமானம் ஒன்றில் உயிர்நீத்தவர். அதன்பின் அவர் விமானப் பயிற்சி பெற்று, கணவர் பணியாற்றிய நிறுவனத்திலேயே சேர்ந்து கேப்டனாக உயர்ந்தார். புதிதாய்த் திறந்த பொக்கரா நிலையத்தைப் பழகிக்கொள்ளவே அன்று இடப்பக்கம் அமர்ந்திருந்தார். வலப்பக்கம் கண்காணித்தவரோ பயிற்றுநர். இறக்கை மடிப்பை இறக்கும்படி அவர் கேட்டபோது, பயிற்றுநரின் கை தவறுதலாகப் பக்கத்திலிருந்த வேறு நெம்புகோல்களை நகர்த்திவிட்டது. விசிறிகள் இழுவிசை இழந்தன. இயந்திரத்தில் விசையில்லை என்று அவர் கூறியும், காரணம் இருவருக்கும் புலப்படவில்லை. இரண்டு கேப்டன்கள் அருகருகே இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நாம் எண்ணுவோம். மூத்தவர் கை தவறாது என்று இளையவர் நம்புவதும், தன் கை தவறியிருக்காது என்று மூத்தவர் நம்புவதும் அங்கே சேர்ந்துகொள்கின்றன.

சிறு விமானங்களில் வேலை கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய விமானம் ஏறியபின் சில மணி நேரம் அமைதியாய்ப் பறக்கும். ஏ.டி.ஆர். விமானமோ நம் டவுன் பஸ்ஸைப்போல. ஒரு மணி நேரப் பயணம், இறக்கம், மறுபடி ஏற்றம் என்று ஒரே நாளில் நான்கைந்து முறை. பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சுக் கூடாது என்பது விதி. அந்தக் குறுகிய பயணங்களில் பெரும்பகுதி நேரம் பேச்சு வாயிலேயே நிற்க வேண்டியதுதான். அதற்கும் மேலாகத் தூக்கக் குறைவு. விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தும் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. ஓய்வு கொடுத்தால் ஓட்ட ஆளில்லை என்ற நிலை அதுவரை எவ்வளவு இறுக்கமாய் நடந்துவந்தது என்பதை அது காட்டிவிட்டது.

பெற்றோர் கேட்கும் மூன்று கேள்விகளுக்கு இப்போது வருகிறேன்.

வணிக விமானி உரிமம் பெற 18 வயதும் 200 மணி நேரப் பறத்தலும் வேண்டும். அதன்பின் குறிப்பிட்ட விமான வகைக்கான தனிப் பயிற்சி. எல்லாம் சேர்த்து அரைக் கோடி ரூபாயைத் தாண்டும். பவர் டேபிள் வைத்துப் பிழைக்கும் குடும்பம் வீட்டை அடகு வைத்தாலும் எட்டாத தொகை. பல்லடம், அவினாசிப் பக்கம் நிலத்தை விற்றவர்களுக்கே எட்டக்கூடியது. உரிமம் கையில் கிடைத்தவுடன் வேலை கிடைத்துவிடுவதில்லை; பணம் செலவிட்டு முடித்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் உள்ளனர். வேலை கிடைத்தபின் வலப்பக்க இருக்கையில் ஆண்டுகள் பல. கேப்டனாவதற்குரிய உயர் உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணியும் வேண்டும். நிறுவனங்களோ அதற்கும் மேலே எதிர்பார்க்கும். ஏ.டி.ஆர். விமானத்தில் கேப்டனானவர் பெரிய ஜெட்டுக்கு மாற விரும்பினால், பெரும்பாலும் மீண்டும் வலப்பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். நான்கு கோடு பெற்றவர் மறுபடி மூன்று கோடு அணிந்து, தம்மைவிட வயதில் இளைய கேப்டனிடம் கேட்டு நடக்க நேரும். பணிவு என்ற புண்ணியத்தைப் பற்றி நாங்கள் ஞாயிறுதோறும் பேசுகிறோம். அதைச் சம்பளத்தோடு கற்றுக்கொள்பவர்கள் இவர்கள்.

ஒவ்வொரு நிறுவனத்திலும் மூப்புப் பட்டியல் ஒன்றுண்டு. சேர்ந்த நாளே எண்ணாகிறது. பதவி உயர்வு, ஊர் மாற்றம், பண்டிகை விடுமுறை எல்லாம் பெரும்பாலும் அந்த எண்ணின் வழியே வரும். நிறுவனம் மூடிவிட்டால் எண் செத்துப்போகும். கொங்கு நாட்டார் இதனைக் கண்முன் கண்டவர்கள். மதுரையின் நூற்பாலைக் குழுமம் ஒன்றிலிருந்து 2005-இல் பிறந்த பாரமவுண்ட் ஏர்வேஸ், எம்ப்ராயர் விமானங்களோடு தென்னகமெங்கும் பறந்து, 2010-இல் நின்றது. கோவையையே தாயகமாகக் கொண்டு 2016 ஜூலையில் எழுந்த ஏர் கார்னிவல் ஓராண்டுகூட நிறைவு செய்யவில்லை. சேலத்தில் 2018-இல் ட்ரூஜெட் தொடங்கிய சேவையும் சில ஆண்டுகளில் ஓய்ந்தது; 2023-இல் வேறு நிறுவனங்கள் வந்தன. கிங்ஃபிஷர் 2012-இல், ஜெட் ஏர்வேஸ் 2019-இல், கோ ஃபர்ஸ்ட் 2023-இல் என்று பெரியவையும் சாய்ந்தன. அங்கிருந்த அனுபவமிக்க கேப்டன்கள் வேறிடம் சேர்ந்தபோது, சிலர் கேப்டனாகவே சேர்த்துக்கொள்ளப்பட்டாலும், பட்டியலில் கடைசி இடம்தான். கம்பெனி மாறினால் மறுநாளே அதே பீஸ் ரேட்டுக்குத் தைக்கத் தொடங்கும் நம் டெய்லருக்கு இந்தத் துயரம் இல்லை. விட்டு விலகவும் எளிதில் முடியாது. 2017-இல் வந்த விதிப்படி கேப்டன் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் பிள்ளை இன்னும் விரும்பினால், தடை சொல்ல நான் யார்? பெண்பிள்ளை விரும்பினாலும் அப்படியே. துர்பா பானர்ஜி 1966-இல் இந்தியன் ஏர்லைன்ஸில் நுழைந்தபோது அவர் ஒருவரே பெண். 1985-இல் சௌதாமினி தேஷ்முக்கும் நிவேதிதா பாசினும் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு ஃபோக்கர் விமானத்தை ஓட்டிச் சென்றபோது, விமானி அறையில் ஆணே இல்லை. இன்று இந்திய விமானிகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் பெண்கள். உலக அளவைவிடப் பன்மடங்கு. எதிர்த்துப் பேசாதே என்ற பாடத்தை ஆண்பிள்ளையைவிட இருமடங்கு கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

விமானிகளுக்கு ஆண்டுதோறும் சிமுலேட்டர் என்னும் பாவனை விமானத்தில் தேர்வுகள் உண்டு. அவற்றில் ஒன்று இப்படி. பறந்துகொண்டிருக்கும்போதே ஒருவர், முன்னரே சொல்லிவைத்தபடி, மயங்கியவர்போல் பேச்சை நிறுத்திவிடுவார். கண் திறந்திருக்கும், கை சுக்கானில் இருக்கும், பதில் மட்டும் வராது. மற்றவர் ஒருமுறை அழைக்க வேண்டும். இரண்டாம் முறை அழைக்க வேண்டும். அப்போதும் மறுமொழி இல்லையேல், அமர்ந்திருப்பவர் யாராயினும், அவருக்கு எத்தனை கோடு இருப்பினும், தாமே சுக்கானை ஏற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாம் முறை அழைத்துக் காத்திருப்பவருக்கு அந்தத் தேர்வில் மதிப்பெண் இல்லை.